கபடியில் நடுமுதுகு வலி, காரணம் கொக்கி

கல்லூரி அணியில் நான் ரைடர், எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். மண் தரையை விட்டு மேட் விரிப்பில் ஆடத் தொடங்கியதிலிருந்து நடுமுதுகில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தும். மல்லாந்து விழும்போது மட்டும்தான். ஓடினாலோ குனிந்தாலோ ஒன்றும் இல்லை.

தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம், ஒத்தடம், 4 நாள் ஓய்வு. சரியாகும், அப்புறம் முதல் பிடியிலேயே திரும்ப வரும். எக்ஸ்ரேயிலும் எதுவும் தெரியவில்லை. மூன்று வாரம் போனது.

கடைசியில் விடுதி அறைத்தோழிதான் பார்த்துச் சொன்னாள்: முதுகெலும்பின் மேல், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கன்றல். பிராவின் இரண்டு கொக்கிகள் இருக்கும் அதே இடம்! மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கும்போது அந்த உலோகம் எலும்பில் பதிந்திருக்கிறது.

கொக்கியும் கம்பியும் இல்லாத, தலைவழியே போடும் ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு மாறினேன். பழைய அளவையே கேட்டு வாங்காதீர்கள். மூச்சை விட்டபடி மார்புக்குக் கீழே டேப்பால் அளந்து வாங்குங்கள். போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் குதித்துப் பாருங்கள். பட்டை மேலே ஏறினால் அது பெரிய அளவு.

பத்து நாளில் கன்றல் மறைந்தது, வலியும் போனது. அப்பாடா! ஆட்டத்துக்கு முன் நகமும் நகையும் பார்ப்பார்கள், இந்தக் கொக்கியை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஜூனியர்களிடம் இப்போது நானே கேட்கிறேன்.