நிக் ஃபால்டோவிடம் தவறான பாடம் படிப்பவர்கள்

கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு வரும் புதியவர்களில் யாராவது ஒருவர் இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோவின் கதையோடு வந்து நிற்பார். "அவரே தன் ஸ்விங்கை, மட்டையை வீசும் முறையை, கலைத்துவிட்டுப் புதிதாகக் கற்றவர்தானே சார், நானும் மாற்றப்போகிறேன்" என்பார். எங்கள் தலைமுறை விழுந்த அதே பள்ளம். தலையைத் தூக்காதே, பிடியை இறுக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை உடன் ஆடுபவரே சொல்லிவிடுவார். ஃபால்டோவின் கதையிலிருந்து தவறாகப் படிக்கும் பாடங்கள் மட்டும் இங்கே.

ஸ்விங்கை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது

இதற்குத்தான் விலை அதிகம். அந்தக் கதையின் முன்பாதியை யாரும் படிப்பதில்லை. ஃபால்டோ 1976இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே, 20 வயதில், அமெரிக்க அணியோடு மோதும் ரைடர் கோப்பையில் ஆடினார். 1983இல் ஐரோப்பியச் சுற்றில் (தொழில்முறைப் போட்டித் தொடரில்) ஐந்து பட்டங்கள், பரிசுப் பணப் பட்டியலில் முதலிடம். 1984இல் அமெரிக்கச் சுற்றிலும் ஒரு பட்டம். இப்படி ஜெயித்துக்கொண்டிருந்தவர்தான் ஸ்விங்கில் கைவைத்தார். ஏன்? கோல்ஃபின் பெரிய போட்டிகளான 1983 ஓபன், 1984 மாஸ்டர்ஸ் இரண்டிலும் வெற்றி எட்டும் தூரத்தில் இருந்தபோது கடைசி நாளில் ஆட்டம் அவரைக் கைவிட்டது. கால்களின் வேகத்தை நம்பிய அந்த ஸ்விங் நெருக்கடியில் நிற்காது என்று அவருக்குப் புரிந்தது. குறை எது, எந்த நேரத்தில் தலைகாட்டுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போனார்.

நம்மவர்கள் எப்படி? என்னிடம் பயின்ற வங்கி அதிகாரி ஒருவரின் பந்து எப்போதும் வலப்பக்கம் லேசாக வளைந்து, ஃபேர்வேயில், அதாவது குழிக்குப் போகும் சீரான புல்வெளியில், போய் விழும். அழகில்லைதான், ஆனால் நம்பலாம். இரண்டு ஆட்டம் மோசமாகப் போனதும் கைபேசியில் ஒரு காணொளி பார்த்துப் பின்வீச்சை மாற்றினார். அது படிவதற்குள் இன்னொரு காணொளி, பிடியும் மாறியது. இதெல்லாம் கிளப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில். போட்டியன்று முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) அவரிடம் பழைய ஸ்விங்கும் இல்லை, புதியதும் இல்லை. பந்து மரங்களுக்குள் போனது. அடுத்த வாரம் விலை உயர்ந்த புது டிரைவரோடு (தொலைவுக்கு அடிக்கும் மட்டை) சிரித்துக்கொண்டே வந்து நின்றார்! அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஃபால்டோ கொடுத்த விலையையும் பாருங்கள். 1985, 1986 இரண்டு ஆண்டுகளிலும் ஒரு பட்டம்கூட இல்லை. 1987 மாஸ்டர்ஸுக்கு அழைப்பே வரவில்லை. அதே வாரம் மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க்கில் நடந்த சிறிய போட்டியில் நான்கு நாளும் 67, 67, 67, 67 அடிகளில் முடித்து (அடிகள் குறைந்தால்தான் நல்லது) இரண்டாம் இடம் பிடித்தார். மே மாதம் ஸ்பானிஷ் ஓபனை வென்றார். ஜூலையில் மியூர்ஃபீல்டில் ஓபன் பட்டம். இத்தனை காலமும் ஒரே ஆசிரியர், ஒரே திட்டம். நாள் முழுக்கப் பந்தடிப்பதுதான் அவருக்கு வேலை. வாரம் ஒருமுறை வந்து இரண்டு வாளிப் பந்து அடிப்பவர் ஏதாவது ஒன்றை மட்டும், அதுவும் போட்டிகள் இல்லாத பருவத்தில் மாற்றட்டும். அது கைக்குப் படியும்வரை ஸ்கோர் எழுதவே வேண்டாம்.

பாரை மட்டமாக நினைப்பது

அந்த மியூர்ஃபீல்டு இறுதிச் சுற்றில் 18 குழிகளிலும் ஃபால்டோ எடுத்தது பார், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடிக்கணக்கு. ஒரு பர்டிகூட (பாரைவிட ஓர் அடி குறைவு) இல்லை என்று உதடு பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பனிமூட்டம், சில பார்கள் மணற்குழியிலிருந்து மீட்டெடுத்தவை. முன்னிலையில் இருந்த பால் அசிங்கர் கடைசி இரண்டு குழிகளிலும் போகி (பாரைவிட ஓர் அடி அதிகம்) எடுக்க, ஒரே அடி வித்தியாசத்தில் பட்டம் கைமாறியது. என் மாணவர்கள் போகியைத் தவிர்க்க வேண்டிய இடத்தில் பர்டியைத் துரத்தி இரட்டைப் போகியோடு திரும்புகிறார்கள்.

ஃபால்டோவின் முறைப்பைப் பின்பற்றுவது

வேண்டாம். உங்களோடு ஆட ஆள் கிடைக்காது.

கேடியை வெறும் பை தூக்குபவராக நினைப்பது

1990 முதல் ஃபால்டோவின் கேடியாக, அதாவது களத்தில் உதவியாளராக, அவரருகே நடந்த ஃபானி சுனெசனைக் கவனியுங்கள்.

1996இல் நார்மன் தோற்றார் என்று மட்டும் சொல்வது

மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் கடைசி நாள் தொடங்கும்போது கிரெக் நார்மன் ஆறு அடி முன்னிலை. முடிவில் நார்மன் 78, ஃபால்டோ 67. ஐந்து அடி வித்தியாசத்தில் மூன்றாவது மாஸ்டர்ஸ் பட்டம். எல்லோரும் நார்மனின் சரிவைத்தான் பேசுகிறார்கள். எதிராளி சரியும்போது தானும் கலையாமல் 67 அடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. 12ஆம் குழியில் நார்மனின் பந்து தண்ணீரில் விழும் காட்சியை விட்டுவிட்டு, அடுத்த குழியைப் பாருங்கள். இரண்டு அடி முன்னிலையில் இருக்கும் ஃபால்டோ முதலில் ஐந்தாம் எண் வுட் மட்டையை எடுக்கிறார், மனம் ஒப்பவில்லை. திரும்ப வைத்துவிட்டு இரண்டாம் எண் அயர்ன் மட்டையை எடுக்கிறார். பந்து ஓடையைத் தாண்டி கிரீனில், குழியைச் சுற்றிய புல்தரையில், நிற்கிறது. அவர் எடுத்துக்கொள்ளும் அந்த நேரத்தைக் கவனியுங்கள்; என் மாணவர்கள் அதற்குள் மூன்று பந்து அடித்து முடித்திருப்பார்கள்.