பாத்திரத்துக்கு உயிர் வர: கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

கையில் ஒரு கதையின் முதல் வரைவு இருக்கிறது, ஆனால் அதில் வரும் ஆட்கள் அட்டைப் பொம்மைகளாக நிற்கிறார்கள் என்பவர்களுக்கான பதிவு இது. கதைக்கரு, பார்வைக்கோணம் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

படி 1: படிவத்தை மூடிவையுங்கள்

பிடித்த நிறம், உயரம், இரத்தப் பிரிவு என்று நூறு கேள்விகள் கொண்ட பாத்திர விவரப் படிவங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. நிரப்பி முடித்தால் அடையாள அட்டைதான் மிஞ்சும். எழுத்துச் செயலிகளில் வரும் பாத்திரப் பெட்டிகளும் அப்படித்தான். காலியாக இருக்கிறதே என்பதற்காகவே எதையாவது போட்டு நிரப்புவோம். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். மூன்று வரி எழுதுங்கள்:

இவருக்கு என்ன வேண்டும்?
அதை யாரிடம் ஒப்புக்கொள்ளமாட்டார்?
அதை மறைக்க என்ன செய்கிறார்?

ஓர் அக்காவையும் தம்பியையும் எடுத்துக்கொள்வோம். தம்பிக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டவள் அக்கா. அவளுக்கு வேண்டியது அந்த இடம். அதைத் தம்பியிடம் சொல்லமாட்டாள், தன்னிடமேகூடச் சொல்லிக்கொள்ளமாட்டாள். மறைப்பதற்காக, அவன் வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள். காட்சிகள் பிறப்பது இந்த மூன்றாவது வரியிலிருந்துதான்.

படி 2: எதனால் என்று கேளுங்கள்

'அழுதாள்' என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என, உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களாக நந்நான்கைத் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இழிவாக நடத்துவது, உறவையோ பொருளையோ இழப்பது, பழைய நிலை கெட்டு வருந்துவது, இல்லாமை. நம் அக்கா அழுதால் அது எது? இழவு என்று முதலில் தோன்றும். எனக்கு அசைவு என்றே படுகிறது. ஒரு காலத்தில் அந்த வீட்டில் படிக்கிற பிள்ளை அவள்தான். இதை முடிவு செய்தவுடன் அவள் பேச்சே மாறிவிடும்.

உணர்ச்சிகளுக்குப் பெயர் மட்டும் தரும் வண்ணச் சக்கரப் படங்களைவிட இந்தப் பட்டியல் எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. இது காரணத்தையும் கையில் கொடுத்துவிடுகிறது.

படி 3: இரண்டு உணர்ச்சிகளை ஒரே காட்சியில் வைப்பது

நான் நெடுநாள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 'மகிழ்ச்சியும் பொறாமையும் ஒருசேர எழுந்தன' என்று எழுதினால் செய்தி போய்ச் சேரும், ஆள் வரமாட்டாள். நான் கண்ட வழி, ஓர் உணர்ச்சியை வாயிலும் மற்றதைக் கையிலும் வைப்பது.

தம்பி கைப்பேசியை நீட்டினான். அக்கா கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"உன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது."

"அக்கா, இடம் கிடைத்துவிட்டது!"

"அதற்காகத்தான் சொல்கிறேன். விசாவில் சிக்கல் வரும்." மடிக்கணினியை இழுத்து அவளே மடலை எழுதத் தொடங்கினாள். முடிவில் அவள் பெயர் தானாக வந்து நின்றது. அதை அழித்துவிட்டுத் தம்பியின் பெயரை அடித்தாள்.

பிழை உண்மையானது, அக்கறையும் உண்மையானது. ஆனால் அத்தனை நல்ல செய்தியில் அவள் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தப் பிழை. தம்பிக்குப் பெயரை அழிப்பது சாதாரண வேலை. வாசகருக்கு அப்படி இல்லை. இதற்குப் பிறகு 'அவள் கண்கள் கலங்கின' என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காதீர்கள்.

இன்னொரு சபலம், அவளைக் கைப்பேசியைத் தூக்கி எறிய வைப்பது. திடுக்கிடும், ஆனால் நம்ப முடியாது. ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வெளியான, நாவல் பற்றிய தம் உரைகளில் பாத்திரங்களைத் தட்டை (ஒரே குணத்தைச் சுற்றி அமைந்தவை), முழுமை என்று பிரித்தார். நம்பும்படியாக நம்மை வியப்பில் ஆழ்த்துகிறதா என்பதே முழுமைக்கு அவர் வைத்த சோதனை. தட்டையான பாத்திரம் குற்றமல்ல. கதவைத் தட்டிக் கடிதம் கொடுத்துப் போகிறவருக்கு உள்மனப் போராட்டம் எதற்கு?

படி 4: வாய்விட்டுப் படியுங்கள்

உரையாடலைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் நேர்ப்பதில் வந்துகொண்டிருந்தால் எங்காவது ஒன்றை உடைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

தன்மையில், அதாவது 'நான்' என்று கதை சொல்லும்படி எழுதினால் உணர்ச்சியை மறைப்பது எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். கதைசொல்லி எதைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறாள் என்பதில் மறையுங்கள். அக்காவே கதை சொன்னால், விட்டுப்போன அந்த ஓர் எழுத்தைப் பற்றி அரைப்பக்கம் பேசுவாள். இடம் கிடைத்ததை ஒரே வரியில் கடந்துவிடுவாள்.

இன்னொருவர், மறைத்து மறைத்து எழுதியதில் நண்பர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை என்றார். உணர்ச்சியை மறைக்கலாம், தகவலை மறைக்கக் கூடாது. அக்கா படிப்பை விட்ட செய்தி, கடிதம் வருவதற்கு இரண்டு பக்கம் முன்பே ஒரு நேரான வாக்கியத்தில் வந்துவிட வேண்டும்.