கொலுப் பார்க் குட்டி வீட்டுக்கு எந்தப் பசை வாங்குவது?

போன நவராத்திரிக்குக் கொலுப் படிக்குப் பக்கத்தில் பார்க் போட்டபோது, திண்ணை, நாலு தூண், ஓட்டுக்கூரை எல்லாம் வைத்து ஒரு முழ அகலத்தில் குட்டி வீடு ஒன்று கட்டினேன். வெட்டும் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒட்டும் வேலையில்தான் மூன்று தடவை சொதப்பினேன். இந்த வருடம் இரண்டாவது வீடு ஒழுங்காக நின்றுவிட்டது, அதனால் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். அளவெடுப்பது, அட்டை வெட்டுவது பற்றியெல்லாம் இங்கே எதுவும் இருக்காது, அதெல்லாம் கை போகப் போகத் தானாக வரும்.

படி 1: கடைக்குப் போகும் முன் பட்டியல்

எதை எதோடு ஒட்டப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் பட்டியல் இது: அட்டையோடு ஐஸ் குச்சி, தெர்மாகோலோடு அட்டை, அட்டையோடு ஓ.எச்.பி ஷீட் (கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), மரத்தோடு பித்தளைக் கொக்கி. இப்போது ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இரண்டில் ஒன்றாவது தண்ணீரை உறிஞ்சுமா? உறிஞ்சும் என்றால் பெரும்பாலும் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையே போதும், பித்தளைக் கொக்கி மாதிரி உலோகத்துக்கு மட்டும் படி 5-ஐப் பாருங்கள். அந்தப் பசையில் இருக்கும் தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும், தண்ணீர் போக வழி வேண்டும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை வெள்ளைப் பசையால் ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள், நடுவில் இன்னும் பால் மாதிரியே இருக்கும்.

படி 2: வெள்ளைப் பசையில் முக்கால் வீடு

பேப்பர், அட்டைக்கு ஃபெவிகால் எம்.ஆர். ஐஸ் குச்சி, மரத் தூணுக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் எஸ்.எச், தச்சர்கள் வைத்திருப்பதுதான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் எஸ்.எச் வாங்குவேன், கெட்டியாக இருப்பதால் வழியாது, சட்டென்று பிடிக்கும்.

தடவுவதற்கு மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷ் வேண்டாம், கழுவ மறந்து ஒரே நாளில் கல்லாகிவிடும். பசை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, அதிகமானால் அட்டை ஊறி அப்பளம் மாதிரி வளையும். சுவருக்கு ஒரு பக்கம் மட்டும் கலர் பேப்பர் ஒட்டினாலும் வளையும், அதனால் பின்பக்கமும் ஏதாவது ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். அப்புறம் மேலே அரிசிப் பாக்கெட்டை வைத்து அரை மணி நேரம் தொடாதீர்கள். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். மேசையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பால் கவரை வெட்டி விரித்துக் கீழே போடுங்கள், எந்தப் பசையும் அதில் லேசில் பிடிக்காது.

படி 3: தெர்மாகோல்

சீக்கிரம் ஒட்டட்டும் என்று செருப்பு ஒட்டும் ரப்பர் பசையைத் தடவினேன். ஒரு நிமிடத்தில் சுவரில் குழி. அதில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். சூப்பர் க்ளூவும் அரிக்கும், சூடான க்ளூ கன்னும் உருக்கும், சில ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். இங்கேயும் வெள்ளைப் பசைதான், ஆனால் தெர்மாகோல் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் மெதுவாகக் காயும், அதுவரை பல்குச்சியைக் குத்தி நிறுத்திவையுங்கள். ரப்பர் பசை பற்றி இன்னொன்று. அதன் ஆவி தீப்பிடிக்கும், கொலு அறையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: ஜன்னல் கண்ணாடி

நான் உண்மையிலேயே அழுத இடம் இது. ஓ.எச்.பி ஷீட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி ஆறு ஜன்னல் செய்து, ஓரத்தில் சூப்பர் க்ளூ தொட்டுச் சட்டத்தில் ஒட்டினேன். பத்து நொடியில் பிடித்துவிட்டது, பரம திருப்தி. அதே வேகத்தில் கூரையையும் மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஆறு ஜன்னலும் மார்கழிப் பனி பிடித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தன. ஒன்றில் மட்டும் என் கட்டை விரல் ரேகை, பத்திரத்தில் வைத்த மாதிரி, வரி வரியாக.

பசை கெட்டுப்போனது என்று நினைத்தேன். அப்படி இல்லை. சூப்பர் க்ளூ காயும்போது அதிலிருந்து கொஞ்சம் ஆவி கிளம்பும், அது காற்றின் ஈரத்தைத் தொட்டதும் இறுகி வெள்ளைத் தூளாகப் பக்கத்தில் படியும். விரல் பட்ட இடத்தில் இன்னும் நன்றாகப் படியும். 1970-களின் பிற்பகுதியில் ஜப்பான் போலீஸ் இதைக் கண்டுகொண்டு குற்றவாளிகளின் கைரேகை எடுக்கவே பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பொருளை ஒரு மூடிய பெட்டியில் வைத்து, உள்ளே இந்தப் பசையைச் சூடாக்கி ஆவி விடுவார்கள். நான் கூரையை மூடியதும் என் வீடே அந்தப் பெட்டியாகிவிட்டது.

இப்போது செய்வது இப்படி. ஷீட்டை ஓரமாகப் பிடித்து, ஜன்னல் சட்டத்தில், அதாவது அட்டையின் மேல், பல்குச்சி நுனியால் எம்.ஆர் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஷீட்டை மெல்ல அழுத்துகிறேன். ஈரம் அட்டை வழியாகப் போய்விடும், காய்ந்தால் கண்ணுக்கும் தெரியாது. அவசரமென்றால் சட்டத்துக்குப் பின்னால் மெல்லிய டபுள் சைடு டேப். வீட்டில் வேறு எங்காவது சூப்பர் க்ளூ போட்டிருந்தால் அதெல்லாம் முடிந்து, ஒரு நாள் திறந்து வைத்து, கடைசியாகத்தான் ஜன்னல். ஏற்கெனவே பூத்துவிட்டதா? பஞ்சில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் ஓரளவு மங்கும், ஆனால் தூசி ஒட்டும். நான் புதிதாக வெட்டி மாற்றிவிட்டேன்.

படி 5: சூப்பர் க்ளூ எங்கே வேண்டும்

பித்தளைக் கொக்கி, பீங்கான் பொம்மையின் உடைந்த கை, இந்த மாதிரி இடத்தில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு. அதிகம் போட்டால் அதிகம் பிடிக்கும் என்பது பொய், மெல்லிய படலம்தான் பலம். கொஞ்சம் கனமான பொருள் என்றால் இரண்டு ட்யூபைக் கலக்கும் அரால்டைட், காத்திருக்கப் பொறுமை இருந்தால். வழிந்த சூப்பர் க்ளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள், பஞ்சில் அது வேகமாக இறுகிக் கை சுடும் அளவுக்குச் சூடாகும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெந்நீர் சோப்பில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயலாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக்கொண்டே நேராக டாக்டரிடம்.

க்ளூ கன் எனக்குப் பிடிக்காது. நூல் நூலாக இழுக்கும், மூலையெல்லாம் மேடு தட்டும். கொலு முடிந்து பெட்டியைப் பரணில் ஏற்றினால் சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகித் தூண் கழன்றுவிடுகிறது. செடி, புல் ஒட்ட மட்டும் எடுக்கிறேன்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், பாட்டி காலத்து மைதாப் பசை போதாதா என்று கேட்டிருந்தார். பேப்பருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் வருடம் முழுக்கப் பரணில் இருக்கும் பொருளுக்கு வேண்டாம், கரப்பானும் பூச்சியும் விருந்து வைத்துக்கொள்ளும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், வீட்டில் செய்யாதீர்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: ஆறு வயதுப் பெண் கூட உட்கார்ந்து ஒட்ட ஆசைப்படுகிறாள் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். படி 2 முழுக்க அவளிடம் கொடுங்கள். சிரிஞ்சில் நிரப்பி வைத்துவிட்டால் திண்ணையை அவளே கட்டிவிடுவாள். படி 5 பெரியவர்கள் மட்டும், அவள் தூங்கிய பிறகு, ட்யூபை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைக்கும் வரை.