ரசிகர் செய்த தப்பிக்கும் கேமுக்கு மார்க் போடும்போது நடக்கும் தவறுகள்

அண்டர்டேல் என்ற வீடியோ கேம் 2015 செப்டம்பரில் வந்தது. அதில் வரும் ஸான்ஸ் என்ற எலும்புக்கூட்டுடன் நடக்கும் சண்டையை மட்டும் தனியாக எடுத்து, பிரவுசரிலேயே ஆடும்படி ரசிகர்கள் ஏராளமான கேம்களைச் செய்திருக்கிறார்கள். கறுப்புத் திரை, நடுவில் வெள்ளைக் கோட்டில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு குட்டி இதயம். எலும்புகள் பாய்ந்து வரும், இதயத்தை நகர்த்தித் தப்பிக்க வேண்டும். பார்க்க இவ்வளவு எளிமையாக இருப்பதால் இரண்டு முறை செத்ததுமே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மாணவர் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு பையனோ பெண்ணோ செய்த வேலைக்கு இது நியாயமில்லை.

முதல் தவறு, கஷ்டமான கேமை அநியாயமான கேம் என்று எழுதுவது. இரண்டும் வேறு வேறு. செத்த உடனே மூன்று விஷயங்களைப் பாருங்கள். எது என் மேல் பட்டது? அது வருவது முன்கூட்டித் தெரிந்ததா? தெரிந்திருந்தால் ஒதுங்க இடம் இருந்ததா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தச் சாவு ஆடியவர் கணக்கில் சேரும். கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதனுக்குக் கிட்டத்தட்ட கால் விநாடி ஆகும். விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனிப் படம், ஓடும் கேமில் அது ஏழெட்டு ஃபிரேம். அதற்கும் குறைவான நேரத்தில் ஒரு எலும்பு திடீரென்று முளைத்தால் பார்த்துத் தப்பிக்க முடியாது, மனப்பாடம் செய்துதான் தப்பிக்க வேண்டும்.

மனப்பாடம் செய்ய வைப்பதும் ஒரு வடிவமைப்புதான். ஸான்ஸ் சண்டையே அப்படித்தான்: உங்கள் முறை வருவதற்கு முன்பே அவன் முந்திக்கொண்டு, பலமான தாக்குதலை முதலிலேயே இறக்குவான். ஆனால் மனப்பாடம் கேட்கும் கேம் ஒரு கடமையையும் ஏற்க வேண்டும். செத்தவுடன் சட்டென்று மறுபடி ஆட விட வேண்டும். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் தாண்ட முடியாத வசனங்களை முழுதாக ஓட்டிக் காட்டினால் அதுதான் உண்மையான குறை. அதற்குத் தாராளமாக மார்க் குறைக்கலாம்.

அடுத்தது, மூலக் கேமின் பாஷை தெரியாமல் மதிப்பிடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகமாக அநியாயம் நடப்பது இங்கேதான். அண்டர்டேலில் நீல நிற எலும்பு வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் அது இதயத்தின் ஊடாகவே போய்விடும், அசைந்தால் அடி. ஆரஞ்சு நிறத் தாக்குதல் இதற்கு நேர் எதிர், நகர்ந்துகொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. இதயம் சிவப்பாக இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம். நீலமாக மாறினால் புவியீர்ப்பு வந்துவிடும், மேலே போகக் குதிக்கத்தான் முடியும், சாவியை எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்களோ அவ்வளவு உயரம். இது தெரியாதவர் "கன்ட்ரோல் பாதியில் வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுவார்.

உயிர் குறையும் விதமும் அப்படித்தான். அண்டர்டேலின் மற்ற சண்டைகளில் ஒரு அடி பட்டால் இதயம் மின்னும், அந்தச் சிறு நேரத்துக்கு அடுத்த அடி படாது. ஸான்ஸ் சண்டையில் அந்தச் சலுகை கிடையாது. எலும்பு மேல் இருக்கும் வரை ஃபிரேமுக்கு ஒரு புள்ளி வீதம் போய்க்கொண்டே இருக்கும், விஷம் ஏறினது போல அதற்குப் பிறகும் கொஞ்சம் வடியும். அங்கே வழக்கமாக ஆடுபவருக்கு இருப்பது 92 புள்ளி. ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் சுமார் மூன்று விநாடியில் கதை முடிந்துவிடும். ரசிகர் கேமில் இதைப் பார்த்துவிட்டு "அடி எண்ணும் கணக்கில் பிழை" என்று மார்க் குறைத்தால், மூலத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்ததற்குத் தண்டனை கொடுத்ததாக ஆகிவிடும். அதற்காகப் பாஷை தெரியாதவர் தீர்ப்பே சொல்லக் கூடாது என்று அர்த்தமில்லை. மூலத்தில் அந்த ஒரு சண்டையின் வீடியோவையாவது பார்த்துவிட்டு வந்தால் போதும். கேமுக்குள்ளேயே இந்த விதிகளை இரண்டு வரியில் சொல்லியிருந்தால் அதற்குத் தனியாகப் பாராட்டுங்கள். புதிதாக வருபவரை நினைத்து வேலை செய்திருக்கிறார் என்பது அதில் தெரியும்.

"படவே இல்லை, ஆனால் செத்துப் போனேன்" என்ற புகார் வந்தால் ஹிட்பாக்ஸைப் பார்க்க வேண்டும், அதாவது கேம் உண்மையில் கணக்கில் எடுக்கும் பகுதியை. கண்ணுக்குத் தெரியும் படமும் அதுவும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் டோஹோ வரிசை கேம்களில் திரை முழுக்கத் தோட்டாக்கள் நிறைந்திருக்கும். அதிலும் தப்பிக்க முடிவதற்குக் காரணம், அடிபடும் பகுதி உருவத்தின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான். ஷிஃப்ட் சாவியை அழுத்திப் பிடித்தால் வேகம் குறையும், அந்த வரிசையின் பிந்தைய கேம்களில் அந்தப் புள்ளியும் தெரியும். நல்ல தப்பிக்கும் கேமில் ஹிட்பாக்ஸ் படத்தைவிடச் சிறியதாக இருக்கும், சந்தேகத்தின் பலன் ஆடுபவருக்குப் போகும். படத்தைவிடப் பெரியதாக இருந்தால் அது தெளிவான குறை. இதை ஞாபகத்தை நம்பிச் சொல்லாதீர்கள். ஓபிஎஸ் போன்ற ஒரு மென்பொருளில் திரையைப் பதிவு செய்து, வி.எல்.சி. பிளேயரில் ஓட்டி, அடிபட்ட இடத்தில் நிறுத்தி 'E' சாவியை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பட்டதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும். பெரும்பாலான நேரம் பட்டுத்தான் இருக்கும்.

நம் கம்ப்யூட்டரின் குற்றத்தைக் கேம் மேல் போடுவது இன்னொன்று. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிரவுசர் கேம் பொதுவாக மானிட்டர் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம் வரையும். "ஒரு ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல்" என்று எழுதிய கேம் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) மானிட்டரில் சரியாக ஓடும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 2.4 மடங்கு வேகத்தில் பறக்கும். கேமிங் லேப்டாப்பில் ஆடியவர் "மனுஷனால் ஆட முடியாது" என்கிறார், பழைய கம்ப்யூட்டரில் ஆடியவர் "அருமை" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60 ஆகக் குறைத்து மறுபடி ஆடிப் பாருங்கள். வேகம் மாறினால் அது செய்தவர் திருத்த வேண்டிய பிழைதான், ஆனால் அதைக் கடினம் என்ற தலைப்பில் எழுதாமல் பிழை என்றே எழுதுங்கள். மலிவான கீபோர்டு சிலவற்றில் மூன்று சாவியைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது, அதையும் வேறு கீபோர்டில் சோதித்துவிட்டுப் பேசலாம்.

ரெட்ரோ தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படம் சிறியது, நிறம் குறைவு என்பதெல்லாம் குறை ஆகாது. இதயம் பெரிய பிக்சலிலும் எலும்பு பொடிப் பிக்சலிலும் கலந்து வந்தாலோ, பிரவுசர் இழுத்துப் பெரிதாக்கியதில் ஓரங்கள் மங்கிப் போனாலோ அது குறை. அதையும் "பழைய ஸ்டைல்" என்று மன்னிக்க வேண்டாம்.

கடைசியாக, "ரசிகர் செய்ததுதானே" என்ற எண்ணம். இது இரண்டு பக்கமும் தப்பாகப் போகும். ஒரு பக்கம், கூட இரண்டு நட்சத்திரம் தானமாகப் போடுவார்கள். மறுபக்கம், காப்பி என்று ஒதுக்குவார்கள். அண்டர்டேலைச் செய்த டோபி ஃபாக்ஸே 2008இல் எர்த்பவுண்ட் என்ற பழைய நின்டென்டோ கேமை ரசிகராக மாற்றி ஒரு ஹாலோவீன் பதிப்பு செய்தவர். ஸான்ஸ் சண்டையில் ஒலிக்கும் மெகலோவேனியா இசை முதலில் வந்ததே அந்த ரசிகர் வேலையில்தான். ஆகவே எது எடுத்தாண்டது, எது புதிதாகச் செய்தது என்று பிரித்துப் பாருங்கள். இசையும் உருவமும் மூலத்திலிருந்து வந்திருந்தால் அதற்கு இவருக்கு மார்க் கிடையாது, எடுத்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எலும்புகள் வரும் வரிசை, நடுவே விடும் மூச்சுவிடும் இடைவெளி, ஒரு தாக்குதலில் கற்றது அடுத்ததில் உதவும் விதம் ஆகியவை இவருடைய சொந்த உழைப்பு. மார்க் முழுக்க அங்கே போக வேண்டும்.

கருத்து எழுதும்போது எந்தப் பிரவுசர், மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ், எந்தத் தாக்குதலில் செத்தீர்கள் என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "போரடிக்கிறது" என்று ஒற்றைச் சொல்லில் விட்டால் செய்தவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. "மூன்றாவது தாக்குதலில் வலது பக்க எலும்பு எச்சரிக்கை இல்லாமல் வருகிறது" என்று எழுதினால் அவர் அன்றைக்கு ராத்திரியே சரி செய்துவிடுவார்.