பல் மருத்துவர் பெரிய தொகை சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் என் சித்தப்பா, கடைவாய்ப்பல் ஒன்று கூசுகிறது என்று மலையிறங்கி, சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றார். ஒரு பல்லைக் காட்டப் போனவர், இரண்டு பற்களுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்), நான்கு பற்களுக்குக் கேப், மொத்தம் 46,000 ரூபாய் என்று எழுதிய சீட்டோடு திரும்பினார். பணம் பறிக்கிற வேலை என்று முடிவு செய்து, சீட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். கூச்சமும் ஒரு மாதத்தில் தானாக நின்றுபோனதால், தம் முடிவு சரிதான் என்றே நம்பினார். ஐந்தாம் மாதம் ஓர் இரவில் கன்னம் வீங்கியது. அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பிறகு மற்ற மூன்று பற்களை வேறொரு மருத்துவர் பார்த்தபோது, ஒன்றுக்கு வேர் சிகிச்சை உண்மையாகவே தேவை என்பதும், மற்ற இரண்டில் சொத்தையே இல்லை, பழுப்புக் கறை மட்டுமே என்பதும் தெரிந்தன. சீட்டில் இருந்ததை முழுவதும் நம்பியிருந்தால் பணம் வீணாகியிருக்கும். முழுவதும் தள்ளியதால் ஒரு பல் போயிற்று.

அவர் செய்த முதல் தவறு, தொகையைக் கொண்டு நோயை எடைபோட்டது. தொகை பெரிது என்பதும் சிகிச்சை தேவையற்றது என்பதும் வெவ்வேறு செய்திகள். சீட்டைக் கையில் வாங்கியதும் கூட்டுத்தொகையைப் பார்க்காமல், ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்தப் பல்லில் என்ன கண்டீர்கள், அதை எதில் கண்டீர்கள், ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி, எக்ஸ்ரேயில் இடத்தைத் தொட்டுக் காட்டும் மருத்துவர் எத்தனை ஆயிரம் சொன்னாலும் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். "செய்தே ஆக வேண்டும்" என்பதற்கு மேல் பதில் வராத இடத்தில் குறைந்த தொகைக்கும் தயங்கலாம்.

வலி இல்லையென்றால் நோயும் இல்லை என்று எண்ணுவது அடுத்த தவறு. குளிர்ந்த நீர் பட்டதும் கூசி, சில நொடிகளில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் உள்ளிருக்கும் நரம்பு இன்னும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. பல்லை அடைப்பதே போதுமானதாக இருக்கலாம். கூச்சம் நெடுநேரம் நீடித்தாலோ, படுத்ததும் காரணமின்றி விண் விண் என்று தெறித்தாலோ, நரம்பு மீள முடியாத நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நரம்பு செத்துவிட்டால் வலி நின்றுவிடும். சித்தப்பாவுக்கு நின்றது அதனால்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் இதே போலியான நிம்மதியைத்தான் தரும். சீழ் சிறிது வற்றும், செத்த நரம்பு பல்லுக்குள் அப்படியே கிடக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு, கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரிவதெல்லாம் சொத்தை என்று ஒப்புக்கொள்வது. எங்கள் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேலம், தர்மபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. அதற்கு மேற்பட்ட நீரைப் பற்கள் தாடைக்குள் உருவாகும் வயதில் குடித்து வளர்ந்தவர்களுக்கு, பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலில் வெள்ளைக் கோடுகளும் பழுப்புத் திட்டுகளும் நிலைத்துவிடுகின்றன. அவை பெரும்பாலும் வாயின் இரு பக்கமும் ஒத்த பற்களில் இருக்கும். சொத்தை அப்படிச் சமமாக வருவது குறைவு. சித்தப்பா சிறுவயதில் தர்மபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர். அவருடைய இரண்டு பற்களுக்கும் சொல்லப்பட்ட கேப் நோய்க்கானது அன்று, தோற்றத்துக்கானது. தோற்றத்துக்காகச் செய்துகொள்வதில் பிழையில்லை, ஆனால் அதை அவரிடம் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும், அவரும் "இது நோய்க்கா, அழகுக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்ரே என்றதும் தாடை முழுவதையும் ஒரே படமாக எடுப்பதோடு நிறைவடைந்துவிடக் கூடாது. தாது கரைந்த இடம் படத்தில் இருண்டு தெரியும் என்றாலும், ஒரு பல்லின் சொத்தை எவ்வளவு ஆழம் என்பதை அந்தப் பல்லுக்கென்று வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படமே தெளிவாகக் காட்டும். அதோடு குளிர்ச்சி வைத்துப் பார்ப்பது, பல்லின் மேல் தட்டிப் பார்ப்பது ஆகியவையும் நடந்தனவா என்று கவனிக்க வேண்டும். மேற்பரப்பு உடையாமல் எனாமலோடு நிற்கும் தொடக்கச் சொத்தையைத் துளைக்காமல், ஃபுளோரைடு பூச்சாலும் ஒழுங்கான பராமரிப்பாலும் தடுத்து நிறுத்த முடியும். ஈறு சிகிச்சை என்று பெரிய தொகை சொன்னால், ஈறு பல்லை விட்டு எத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்கு விலகியிருக்கிறது என்று கேளுங்கள். 3 வரை இயல்பு. அதற்கு மேற்பட்ட அளவுகளைப் பல் வாரியாகக் குறித்திருப்பார்கள்.

இரண்டாவது மருத்துவரிடம் போகும்போதும் பலர் தவறிவிடுகிறார்கள். "அங்கே 46,000 சொன்னார்கள், இங்கே எவ்வளவு?" என்று தொடங்குவது விலை பேசுவதாகும், கருத்துக் கேட்பதாகாது. எக்ஸ்ரேயை மட்டும் கொடுத்து, என்ன தொந்தரவு என்று சொல்லி, முதல் சீட்டைக் காட்டாமல் முழு வாயையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வேர் சிகிச்சை பற்றிய ஐயமென்றால் அத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றவரைப் பார்ப்பது நல்லது. சேலத்திலிருந்து சங்ககிரி செல்லும் வழியில் அரியானூரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வதால் நேரம் பிடிக்கும், செலவு குறையும். இரு மருத்துவர்கள் வேறுபட்டுச் சொன்னால் ஒருவர் பொய்யர் என்று ஆகிவிடாது. ஆழமான சொத்தையில் மருந்து வைத்து அடைத்துக் காத்திருக்கலாம் என்று ஒருவரும், உடனே வேர் சிகிச்சை செய்யலாம் என்று இன்னொருவரும் நேர்மையாகவே கருத இடமுண்டு.

நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதே சம்மதம் சொல்லி முன்பணம் கட்டுவதும் வேண்டாம். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாத நிலை, அடிபட்டுப் பல் கழன்றது ஆகியவற்றுக்கு அன்றே சிகிச்சை வேண்டும். மற்றவற்றில் பெரும்பாலானவை ஓரிரு வாரம் பொறுக்கும்.

செலவுக்கு அஞ்சி, காப்பாற்றக்கூடிய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிடும் தவறைத்தான் நான் அதிகம் காண்கிறேன். பிடுங்கிய இடம் காலியாகக் கிடந்தால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப் பல் நீண்டு இறங்கும். பின்னர் பாலம்போல் பல் கட்ட, இருபுறமும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க நேரிடலாம். தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேரான இம்ப்ளான்ட் வைத்தால், எலும்போடு அது பிணையப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது தள்ளியும் போகும். ஞானப்பல்லுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதை எடுத்தால் வேறு பல் வைக்க வேண்டியதில்லை.

சித்தப்பா தேவையான அந்த ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுக்கொண்டார். பழுப்புத் திட்டுள்ள இரண்டும் அப்படியே இருக்கின்றன. பிடுங்கிய பல்லின் இடத்தில் என்ன வைப்பது என்று, பழைய எக்ஸ்ரேக்களையெல்லாம் ஓர் உறையில் போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் மறுபடியும் மலையிறங்கி வருகிறார்.