நாய்க்கு வீட்டிலேயே சமைக்கும் முறை

கடையில் வாங்கும் உலர் தீனியிலிருந்து வீட்டு உணவுக்கு நாயை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு ஏற்படக்கூடும் என்பதால், பழைய தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 7 முதல் 10 நாட்களில் மாற்றி முடிக்க வேண்டும். எலும்பு நீக்கிய கோழிக்கறியை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றுடனும் மசித்த பூசணியுடனும் பிசைந்து, ஆறிய பின் வைக்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே மிஞ்சிய குழம்புச் சோற்றை வீட்டு உணவு என்று எண்ணிவிடக் கூடாது. பலரும் மறப்பது கால்சியத்தைத்தான்: கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியமோ சொற்பம். கழுவிச் சூட்டில் உலர்த்தி, கரகரப்பில்லாமல் மாவாக அரைத்த முட்டை ஓடு இக்குறையைத் தீர்க்கும். நாயின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கவும். பூனைக்கு இதே உணவு பொருந்தாது. அதற்கு டாரின் என்னும் அமினோ அமிலச் சத்து கட்டாயம் தேவை.