கிரான்பெர்ரி சாஸ்: தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள்

நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை இங்கே அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவோம். ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுபோக வேண்டும். மாசசூசெட்ஸுக்குக் குடிவந்த முதல் வருடம் என் பங்குக்கு வந்தது கிரான்பெர்ரி என்ற சிறு சிவப்புப் புளிப்புப் பழத்தில் செய்யும் சாஸ். பழம், சர்க்கரை, தண்ணீர் இருந்தால் போதும், பழப் பையின் பின்பக்கத்திலேயே செய்முறை அச்சிட்டிருக்கும். அப்படியிருந்தும் நான் கொண்டுபோனது கரண்டிக்கு வரவில்லை. கத்தியால் கீறித்தான் தட்டில் வைக்க முடிந்தது. எங்கே தவறினேன் என்று பிடிபட இன்னும் இரண்டு நவம்பர் ஆனது.

தேவையானவை

கிரான்பெர்ரி – 1 பை (12 அவுன்ஸ், அதாவது 340 கிராம்)
சர்க்கரை – 1 கப் (200 கிராம்)
தண்ணீர் – 1 கப் (240 மில்லி)
உப்பு – ஒரு சிட்டிகை
ஆரஞ்சுத் தோல் துருவல் – 1 தேக்கரண்டி
பட்டை – விரும்பினால் ஒரு சிறு துண்டு

இந்த அளவுக்குச் சுமார் இரண்டேகால் கப் சாஸ் கிடைக்கும். பண்டிகை விருந்தின் வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருள்தானே, எட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும்.

பாத்திரம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடிகனமான எவர்சில்வர், 3 லிட்டர் பிடிக்கிற மாதிரி. இந்தப் பழத்தின் புளிப்பு கடுமையானது. அலுமினியத்திலும் இரும்பு வாணலியிலும் கொதிக்கவிட்டால் உலோக வாடை ஏறிவிடும். கிளற மரக்கரண்டி. பிரஷர் குக்கரில் மட்டும் வேண்டவே வேண்டாம். கிரான்பெர்ரி பொங்கி நுரைக்கும், உரிந்த தோல் ஆவித் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். குக்கர் கையேடுகளிலேயே இந்தப் பழத்தின் பெயரைச் சொல்லி எச்சரித்திருப்பார்கள்.

1. எதற்கும் முன்னால் ஒரு சின்னப் பீங்கான் தட்டை ஃப்ரீஸரில் வையுங்கள். ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

2. பழங்களைத் தண்ணீரில் கொட்டி அலசுங்கள். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் நான்கு சிறு காற்றறைகள் இருப்பதால் எல்லாம் மேலே மிதக்கும், பொறுக்குவது சுலபம். நசுங்கியதையும் சுருங்கியதையும் தூக்கிப்போடுங்கள். கொஞ்சம் வெளுத்திருந்தால் பரவாயில்லை.

3. சர்க்கரை, தண்ணீர், உப்பு, பட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுச் சர்க்கரை கரைந்ததும் பழத்தைப் போடுங்கள். மறுபடி கொதி வந்தவுடன் தீயைக் குறைத்துவிடுங்கள். சில நிமிடங்களில் பழங்கள் ‘பட் பட்’ என்று வெடிக்கத் தொடங்கும். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி அவ்வளவு வேகமாக இருக்காது. ஆனால் சூடான பாகு தெறிக்கும், முகத்தைப் பாத்திரத்துக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். அவ்வப்போது கிளறினால் போதும். எல்லாப் பழத்தையும் மசிக்க வேண்டாம், சிலது முழுசாக இருந்தால்தான் வாயில் அகப்படும்போது நன்றாக இருக்கும்.

4. அடுப்பை அணைப்பது. நான் சறுக்கியது இங்கேதான்.

தொக்கு என்றால் சுருளச் சுருளக் கிளற வேண்டும், பாகு என்றால் கம்பிப் பதம் பார்க்க வேண்டும் என்று பழகிய கை நம்முடையது. இதே பழத்தில் நாங்கள் தொக்கும் போடுவோம், அங்கே அந்தப் பழக்கம் சரி. சாஸுக்கு அது ஆகாது. பத்து நிமிடத்தில் பார்த்தபோது எனக்கு அது ரசம் மாதிரி தளதளவென்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று 25 நிமிடம் கொதிக்கவிட்டேன். அடுப்பில் பார்க்க அருமையான பதம். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் ரப்பர்.

காரணம் பெக்டின். பழத்தின் திசுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பசைப்பொருள் அது. கொய்யா ஜெல்லி இறுகுவதும் இதனால்தான். கிரான்பெர்ரியில் பெக்டினும் அதிகம், புளிப்பும் அதிகம். பழம் வெடித்ததும் பெக்டின் பாகில் கலக்கிறது. புளிப்பும் சர்க்கரையும் துணைக்கு இருக்க, சூடு ஆற ஆறத்தான் அது வலைபோலப் பின்னி இறுகும். கொதிக்கும்போது இறுகவே இறுகாது. ஆகவே அடுப்பின் மேலேயே உங்கள் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிகிறது என்றால், தண்ணீர் தேவைக்குமேல் வற்றிவிட்டது என்று பொருள்.

பழம் போட்டு மறுபடி கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம் கணக்கு வையுங்கள். முக்கால்வாசிப் பழம் வெடித்திருக்கும். இப்போது ஃப்ரீஸர் தட்டை எடுத்து அரைத் தேக்கரண்டி சாஸை அதில் விட்டு ஒரு நிமிடம் பொறுத்து விரலால் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றால் ஆயிற்று. மூடிக்கொண்டால் இன்னும் 2 நிமிடம் வைத்துத் திரும்பப் பாருங்கள். சோதிக்கும் நேரமெல்லாம் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்கியிருக்க வேண்டும். சுருள் வைத்த மின் அடுப்பு என்றால், அணைத்த பிறகும் சுருளில் சூடு நிற்கும், அதன் மேலேயே விட்டுவைக்காதீர்கள்.

5. இறக்கியபின் பட்டையை எடுத்துவிட்டு ஆரஞ்சுத் துருவலைக் கலக்குங்கள். முன்பே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அது விழாமல் மேலாகத் துருவுங்கள். அறைச் சூட்டுக்கு ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். சுவையும் கூடிவரும், வியாழனன்று அடுப்பில் ஒரு இடமும் மிச்சமாகும்.

எங்களுக்குக் கிரான்பெர்ரி அக்கம்பக்கத்துப் பழம். எங்கள் மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் டென்னிஸ் என்ற ஊரில் 1816 வாக்கில் ஹென்றி ஹால் என்பவர்தான் இதை முதலில் பயிராக்கினார். காற்று அடித்துக்கொண்டுவந்த மணல் கொடிகளின் மேல் படிந்தபோது அவை இன்னும் செழித்ததைக் கவனித்தாராம். அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அந்த மண்ணின் வாம்பனோவாக் மக்கள் காட்டுக்கொடியிலிருந்து பறித்து உணவாக்கி வந்திருக்கிறார்கள். அக்டோபரில் வயலில் தண்ணீர் கட்டி, பழத்தை உதிர்த்து மிதக்கவிட்டு, சிவப்புக் குளம்போல ஒதுக்குவார்கள். வாய்ப்புக் கிடைத்தால் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். அப்படி அறுவடையானது பெரும்பாலும் பழச்சாறுக்கும் டின் சாஸுக்கும் போகும். நாம் பையில் வாங்கும் பழம் தண்ணீர் கட்டாமல் பறித்தது. விளைச்சலில் விஸ்கான்சின் மாநிலம் எங்களை எப்போதோ முந்திவிட்டது, இப்போது நாட்டின் பாதிக்குமேல் அங்கேதான்.

வாசகர்கள் எழுதிய பிறகு சேர்த்தவை

ஜெலட்டின் போட வேண்டுமா, சைவம் சாப்பிடுகிறவர்கள் தொடலாமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது; இதற்கு அது தேவையே இல்லை, பெக்டின் செடியிலிருந்து வருவது. அந்த மேசையில் நம்மவர்கள் தயங்காமல் சாப்பிடக்கூடியவற்றில் இது ஒன்று.

கனடாவிலிருந்து ஒரு சகோதரி, அவர்களுக்குப் பண்டிகை அக்டோபர் இரண்டாம் திங்களே வந்துவிடுவதால் போன வருடத்து உறைந்த பழம்தான் கையில் இருக்கிறது என்றார். அதுவே போதும். உருகவிடாமல் அப்படியே போடுங்கள். கொதி வர இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும், 10 நிமிடக் கணக்கைக் கொதி வந்த பிறகே தொடங்குங்கள்.

உலர்ந்த கிரான்பெர்ரியில் செய்து பார்த்த ஒருவருக்கு இறுகவில்லை. அதில் ஏற்கெனவே சர்க்கரை ஏற்றியிருப்பார்கள். இதற்கு அது சரிவராது.

சர்க்கரையைக் குறைக்கலாமா? முக்கால் கப் வரை நான் குறைத்திருக்கிறேன், சற்றுத் தளர்வாக வந்தது. செயற்கை இனிப்பை மட்டும் போட்டால் இந்த இறுக்கம் வராது, பெக்டினுக்குச் சர்க்கரை வேண்டும். வெல்லத்திலும் செய்து பார்த்தேன். அந்தப் பளிச்சென்ற சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது, பழத்தின் மணத்தை வெல்லத்தின் மணம் அமுக்கிவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஏற்கெனவே ரப்பராகிவிட்டதா? கொட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீரோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றி, சிறு தீயில் கட்டியை உடைத்துக் கிளறுங்கள். கொதிக்கவிட வேண்டாம், இளகியதும் இறக்கிவிடுங்கள். மாறாக, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இருந்த பிறகும் தண்ணீராக ஓடினால் மட்டும் மறுபடி 3 நிமிடம் கொதிக்கவிட்டு, தட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.